நெய்வேலியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: துரு, சாம்பல், ஈயம்

மருத்துவப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்த நீண்ட இழை ஒரு பழைய காரைப் பற்றியது. ஆனா பாதி வழியில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் வரும். பழைய வண்டியை எடுத்துப் புதுப்பிக்கிற ஆசை உங்க வீட்டில் யாருக்காவது இருந்தா அந்தப் பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க.

தமிழ்நாட்டில் கார் தயாரிப்புன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், 1990களின் கடைசி. பெரும்பாலானவங்க சரித்திரத்தை அங்கேதான் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே, தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் ஒரு கார் கம்பெனி இருந்தது. பேர் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948இல், மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது.

அந்தக் காலத்து மெட்ராஸில் கார் பூட்டறது புதுசு இல்லை. 1903லேயே சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டினார். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. அதுதான் 1955இல் அசோக் லேலண்டாக மாறி லாரி, பஸ் பக்கம் போனது.

1953இல் மத்திய அரசின் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவைச் சொன்னது: வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்கிறவங்க வேண்டாம், உள்ளூரிலேயே படிப்படியா தயாரிக்கத் திட்டம் வச்சிருக்கிறவங்க மட்டும் இருக்கட்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. கார் சந்தையில் கடைசியில் மூணு பேர் நின்னாங்க. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு. அம்பாசடரையும் பத்மினியையும் பற்றிப் பக்கம் பக்கமா எழுதியாச்சு. மூணாவது ஆளை மட்டும் மறந்துட்டோம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் எல்லாம் வந்தது. 1961இல் வந்தவள்தான் நம்ம கதாநாயகி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த அதே கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜோவன்னி மிக்கலோட்டி. 948 சிசி, நாலு சிலிண்டர் என்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிடும், லண்டன் டாக்சி மாதிரி. பின்னால் வால் நீட்டிய அழகு. அதுக்குப் பக்கத்தில் அம்பாசடரை நிறுத்தினா பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி இருக்கும். (அம்பாசடர் ரசிகர்கள் மன்னிக்கவும்.)

இந்தக் காரின் உடம்பில் ஒரு விசித்திரம் இருக்கு. 1950களில் உலகம் முழுக்க கார்கள் மோனோகாக் முறைக்கு மாறிக்கிட்டிருந்தது. அதாவது சேசிஸ் தனியா, பாடி தனியா இல்லாம ரெண்டும் ஒரே கூடு. ஆனா ஹெரால்டு பழைய முறையில், தனி சேசிஸ் மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு முறுக்கின கார். ஏன் பின்னோக்கிப் போனாங்க? ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. முழுக் கூட்டை அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. சின்னச் சின்ன பட்டறைகளில் தனித்தனித் துண்டா அடிச்சு, கடைசியில் ஒண்ணா முறுக்கிக்கலாம்னு முடிவு பண்ணினாங்க.

கோவென்ட்ரியில் வேற வழியில்லாம எடுத்த அந்த முடிவு, மெட்ராஸுக்கு வரமாச்சு. பெரிய பிரஸ் மெஷின் இல்லாத ஊரில் துண்டு துண்டா செய்யற கார் எவ்வளவு வசதின்னு யோசிச்சுப் பாருங்க. 1965 வாக்கில் முழுக்க இந்தியப் பாகங்களாலேயே ஹெரால்டு தயாராச்சு. அறுபது வருஷம் கழிச்சு நெய்வேலி பக்கத்தில் ஒரு சாதாரண மெக்கானிக் அந்தக் காரை ஸ்பேனர் மட்டும் வச்சுப் பிரிக்க முடிஞ்சதுக்கும் அதுதான் காரணம். பானட்டும் முன்பக்க மட்காடும் ஒரே துண்டா முன்னோக்கிச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வசதி உங்க இப்போதைய காரில் கிடையாது.

குறையும் இருந்தது. பின் சக்கரங்களுக்கு ஸ்விங் ஆக்சில், குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. வளைவில் வேகமா போய் திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு மேல நம்பிக்கை வரலை. குடும்பமா போறவங்க நாலு கதவு கேட்டாங்க. அறுபதுகளின் பின்பாதியில் வந்த மார்க் 3இல் நாலு கதவு வந்தது, இங்கிலாந்தில்கூட இல்லாதது. 1972இல் முகம் மாத்தி, பின்னால் சாதாரண லைவ் ஆக்சில் போட்டு கெசல் என்ற பெயரில் விட்டாங்க. 1977இல் கார் தயாரிப்பே நின்னுபோச்சு. 1985இல் ரோவர் கார் உடம்புக்குள் பழைய வேன்கார்டு வம்ச என்ஜினை வச்சு ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒரு ஆடம்பரக் கார் வந்தது. எடுபடலை. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள் கம்பெனி கதை முடிஞ்சது.

இனி நெய்வேலிக்கு வாங்க.

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது 1956. அடுத்த வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். பல வருஷம் மண்ணைத் தோண்டி, அடியில் இருந்த ஊற்று நீரை இரவும் பகலும் இறைச்சு, பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல். ஹெரால்டு வந்த அதே வருஷம். 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது. எண் போட்ட வட்டங்கள், அகலமான நேர் சாலைகள், ரெண்டு பக்கமும் மரம், ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் பின்னால் தோட்டம். சைக்கிள்தான் ராஜா. கார் வச்சிருந்தவங்க கொஞ்சம் பேர்தான், அதனால் எந்த வட்டத்தில் யார் கார்னு ஊருக்கே தெரியும்.

டவுன்ஷிப்பில் கார் கெட்டுப்போறதுக்குத் தனி வழி இருக்கு. கடலூர்க் கடற்கரையில் உப்புக் காற்று தின்னும். நெய்வேலியில் சாம்பல். அனல் மின் நிலையத்திலிருந்து வரும் பறக்கும் சாம்பலில் சிலிக்கா இருக்கு, அது பெயின்ட்டைக் கீறும். பழுப்பு நிலக்கரி சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். மார்கழிப் பனி அது மேல இறங்கினா சிமென்ட் மாதிரி மெல்ல இறுகும். நிலக்கரி எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு அதே பனியில் கரைஞ்சா அமிலம். மேல் பக்கம் காரம், இடுக்கில் அமிலம். இதோட, ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். புது வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. வண்டி எங்கேயோ ஒரு ஓரத்தில் தார்ப்பாய்க்குள் போய்விடும்.

நான் பார்த்த ஹெரால்டு அப்படித்தான். 1969 மாடல், மார்க் 3. உரிமையாளர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னிடம் சர்க்கரைக்கு வருகிறவர். பேர் வேண்டாம், பெரியவர்னே சொல்றேன். எண்பதில் ஒரு இன்ஜினியரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மனைவியின் ரெண்டு பிரசவத்துக்கும் அதில்தான் போனாங்க. 2011 டிசம்பர் 30, தானே புயல் ராத்திரி ஷெட் சரிஞ்சு மேல விழுந்தது. கூரைத் தகடு நசுங்கியது. அன்னிக்கு மூடின தார்ப்பாய், 2022 வரைக்கும் எடுக்கலை. காயலான் கடைக்காரர் எடைக்குப் போட்டுக்கறேன்னு வந்து விலையும் பேசிட்டார். “குடுத்துடலாம்னுதான் டாக்டர் இருக்கேன், ஆனா கையெழுத்துப் போட கை வரமாட்டேங்குது”ன்னார் பெரியவர்.

முதல் விஷயம்: பல வருஷம் நின்ன வண்டியை ஆசைப்பட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள் துரு இருக்கும், ரிங் உடையும். பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, நாலஞ்சு நாள் ஊற விடணும். பிறகு முன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவா. நமக்கு ஆறாவது நாள் அசைஞ்சது. அன்னிக்கு மெக்கானிக் அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

அடுத்து கழுவறது. சாம்பல் படிஞ்ச காரைத் துணியால் துடைக்கவே கூடாது. உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரிதான். முதலில் தண்ணீரை மெதுவா ஓட விட்டு ஊற வைக்கணும். இறுகின இடத்தில் தண்ணி கலந்த வினிகரைத் தொட்டு வச்சு உடனே கழுவிடணும். அதுக்கப்புறம்தான் ஷாம்பு, காம்பவுண்டு, வாக்ஸ் எல்லாம். தார்ப்பாயை எடுத்து எறிஞ்சிடுங்க. அது மழையைத் தடுக்கிறதைவிட ஈரத்தைப் பூட்டி வைக்கிறதுதான் அதிகம். இந்தக் காரில் சேசிஸின் பக்கவாட்டுக் கைகளும் டிக்கி தரையும் அரிச்சுப் போனதுக்குத் தார்ப்பாய்தான் காரணம். கூரையில் புயல் போட்ட பள்ளம் ரெண்டு மணி நேர டிங்கரிங்கில் சரியாச்சு.

இப்ப, ஹெரால்டு வச்சிருக்கிறவங்க யாராவது படிச்சா இந்தப் பத்தியைச் சேமிச்சு வச்சுக்கோங்க. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், ட்ரன்னியன்னு ஒரு வெண்கலப் பாகம் இருக்கு. தண்டின் மரை அதுக்குள் திருகியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். நம்ம இடுப்பு மூட்டு மாதிரிதான், உடம்பு பாரமும் அதிலே, திரும்பறதும் அதிலே. அதுக்குப் போட வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். ஆனா நிப்பிளைப் பார்த்தா எந்த மெக்கானிக்குக்கும் கிரீஸ் கன்தான் கைக்கு வரும். கிரீஸ் உள்ளே போய் இறுகி, மரைக்கு எண்ணெய் போகாம, ஈரம் தங்கி அரிக்கும். ஒரு நாள் தண்டு முறியும். சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துக்கும். ஊருக்குள் 20இல் போகும்போது ஆனா செலவு. விக்கிரவாண்டி ரோட்டில் 80இல் ஆனா உயிர்.

நம்ம காரில் வலது பக்கம் பிரிச்சப்ப கிரீஸ் மெழுகாகி இருந்தது. மரை பாதி தேய்ஞ்சு போயிருந்தது. பாகம் எங்கே கிடைக்கும்? இங்கேயும் சரித்திரம் கை கொடுத்தது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் ஹெரால்டு சேசிஸைக் குட்டையாக்கிக் கட்டினது. அதுக்கு இங்கிலாந்தில் இன்னும் ரசிகர் கூட்டம் இருப்பதால் பாகம் புதுசாவே வருது. வண்டலூர் கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அது செஞ்ச காருக்கு மூட்டு கிடைக்குது.

சரி, மருத்துவம்.

ஒரு நாள் சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். உதவிக்கு இருந்த தம்பி, இருபது வயசு, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கிட்டு கதவை உப்புத்தாளால் உலரத் தேய்ச்சுக்கிட்டிருந்தான். தூசு முடியில், இமையில், சட்டையில். பக்கத்திலேயே டீ டம்ளர், பாதி கடிச்ச வடை. அந்த வேலையை அப்பவே நிறுத்தச் சொன்னேன்.

பழைய காரின் பெயின்ட்டில், குறிப்பா அடிப்பூச்சிலும் மஞ்சள், சிவப்பு நிறமிகளிலும், ஈயம் இருக்கலாம். பாடி இணைப்புகளை நிரவ ஈயப் பற்று வைக்கிறதும் அந்தக் கால வழக்கம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் என்ற ஈய வரம்பு 2016 விதிகளில்தான் வந்தது. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசுற பெயின்ட்டுக்கு மட்டும். ஈயத் தூசு மூக்கு வழியாவும் போகும், கை வழியா வாய்க்கும் போகும். கைக்குட்டை அதைத் தடுக்காது. வயித்து வலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்தசோகை, ரத்த அழுத்தம்னு பொதுவான தொல்லையாத்தான் காட்டும், யாரும் காரோட முடிச்சுப் போட மாட்டாங்க. அதைவிட மோசம், சட்டையோட வீட்டுக்குப் போறது. அந்தத் தம்பிக்கு ஒரு வயசுக் குழந்தை. தவழற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவுன்னு ஒண்ணு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே மூலத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு நிறுத்தச் சொல்லுது.

ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம். (அவன் அனுமதியோடுதான் எழுதறேன்.) குழந்தைக்கு 5க்குக் கீழே. அவனுக்கு இரட்டை இலக்கம். மருந்து தேவைப்படற அளவு இல்லை, தூசை நிறுத்தினா ரத்தத்தில் தானா இறங்கும் அளவு. அன்னிக்கு முதல் பட்டறையில் சட்டம் மாறிச்சு. தேய்க்கிறதெல்லாம் வாட்டர் பேப்பர் போட்டு ஈரத்தில்தான். துணி மாஸ்க் இல்லை, சரியான வடிகட்டி வச்ச மாஸ்க். துடைப்பம் கூடாது, ஈரத் துணி. வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கும், கை கழுவாம டீ கிடையாது. மூணு மாசத்தில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துட்டான்.

இன்னும் மூணு விஷயம் வேகமா சொல்லிடறேன். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழட்டினதும் கம்ப்ரசர் காற்றால் ஊதுற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கு. அது கூடவே கூடாது, தண்ணி தெளிச்சுத் துடைங்க. அந்த இழையால் வரும் புற்றுநோய் 20, 30, 40 வருஷம் கழிச்சு வரும், அப்ப யாருக்கும் இந்த டிரம் ஞாபகம் இருக்காது. ரெண்டாவது, டியூப் போட்டு வாயால் பெட்ரோல் உறிஞ்சாதீங்க. ஒரு வாய் நுரையீரலுக்குள் போனாலே ரசாயன நிமோனியா. தப்பி முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. மூணாவது, மூடின ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பெட்ரோல்னதும் ஒரு சின்ன கிளைக்கதை. இந்த என்ஜின் பிறந்தப்ப பெட்ரோலிலேயே ஈயம் இருந்தது. என்ஜின் தட்டாம இருக்க 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்ச வழி. நம்ம நாட்டில் 2000ஆம் வருஷம்தான் முழுசா நின்னது. உலகத்தில் கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021. நூறு வருஷம் உலகம் முழுக்க வீட்டு வாசலில் ஈயத்தைத் தூவியிருக்கோம். இப்ப அதே டேங்கில் எத்தனால் கலந்த இ20 ஊற்றறோம். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்காது. இளகி ஒழுகி, சூடான என்ஜின் மேல சொட்டினா தீ. வண்டியை எடுக்கும் முன்னாடி எரிபொருள் ரப்பர் அத்தனையும் எத்தனால் தாங்கற ரகத்துக்கு மாத்திடுங்க.

முழுசா புது பெயின்ட் அடிக்கலாமான்னு பெரிய விவாதம் நடந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு ஆசை. இப்போதைய டூ-கே பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கு. சரியான பூத்தும் காற்றுக் குழாய் மாஸ்க்கும் இல்லாம அடிச்சா தொழில்முறை ஆஸ்துமா வர வாய்ப்பு உண்டு, வந்தா போகாது. அந்தப் பட்டறையில் ரெண்டும் இல்லை. கூரையையும் அரிச்ச துண்டுகளையும் மட்டும் கழட்டி, பூத் இருக்கிற இடத்துக்கு அனுப்பினோம். போல்ட் போட்ட காராச்சே! மீதி 1969இன் பெயின்ட்தான், காம்பவுண்டு போட்டு மெருகேத்தினது. கூர்ந்து பார்த்தா ரெண்டு நிறமும் ஒத்துப்போகலை. எனக்கு அது பிடிச்சிருக்கு.

கடைசியா பேப்பர் வேலை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகன விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாம இருந்தா, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்தோடு தனிப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. முன்னாடியே யாராவது டீசல் என்ஜின் மாத்தி வச்சிருந்தா இந்தப் பதிவும் சிக்கல்தான்.

பெரியவரிடம் ரெண்டு வழியையும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “வடலூருக்கு அவளைக் கூட்டிட்டுப் போகணும் டாக்டர். கண்காட்சிக்கு நான் எங்க போகப் போறேன்?” அதனால் சாதாரண வண்டி மாதிரியே எஃப்.சி. காட்டி, ஆர்.சி. புதுப்பிக்கிற வழி. பழைய கார் என்பதால் கட்டணம் அதிகம், தாமதத்துக்குத் தனியா. இன்ஸ்பெக்டர் பிரேக்கை மட்டும் மூணு தடவை போடச் சொன்னார், அப்புறம் பானட்டைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்பேனரை வாங்கிப் பார்க்கலைங்கறதுதான் மிச்சம்.

இப்ப வாரம் ஒரு நாள் வண்டி வெளியே வருது. ட்ரன்னியனுக்கு 90 நம்பர் ஆயில் போடற தேதியை பெரியவர் அவரோட சர்க்கரை மாத்திரை அட்டையில் எழுதி வச்சிருக்கார். தம்பிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாசம்.